கூரைமேல் வற்றல்

முதுமக்கள் தாழிகள் கிடைத்த அகழாய்வுக் குழிகளையும் பக்கத்துத் தெருவையும் சேர்த்தே மூடியிருந்தது அறவாழி வடிவமைத்த, பாரத்தை உணரும் சவ்வுக்கூரை. காகம் உட்கார்ந்தால்கூட, ஈயை விரட்டும் மாட்டுத்தோல்போலச் சிலிர்த்து மொத்தமாக உதறிவிடும். இன்று வடமூலையில் எழுபது கிலோ பாரமிருந்தும் அது அசையவில்லை என்று கூரையின் உணரிகளிலிருந்து போனில் தகவல் வந்தது. பதறிப்போய் ஏறினார்.

அவருடைய பழைய வேட்டியை விரித்து, மனைவி பொற்கொடி கூழ்வற்றல் பிழிந்துகொண்டிருந்தாள்.

“உதறியிருந்தா தாழிமேல போயி விழுந்திருப்படி!”

“தெரு வெயில் பூராத்தையும் இது வாங்கிக்கிருச்சு. வேற எங்கிட்டுக் காயப்போட? ரெண்டு நாளைக்கு ஆடாம இருய்யான்னேன், கேட்டுக்கிருச்சு. ஒங்கள மாதிரியா?”

அப்போது வற்றலோரம் ஒரு காகம் வந்திறங்கியது. அதன் காலடியில் கூரை ஒரு சாண் மட்டும் சிலிர்த்தது. காகம் பறந்தது, ஒரு வற்றலும் நகரவில்லை.

இந்த வேலையை அறவாழி கூரைக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.