தினம் ஒரு ரோசாப்பூ

புனைபெயரில் எழுதியது கபிரியேல்தான் என்று தேயிலைத் தோட்ட நிர்வாகியான துரைக்கு எப்படித் தெரிந்தது? அவன் மனைவி மேபலுக்குப் பிடிபடவேயில்லை.

தெல்தோட்டைப் பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் ஒழுகும் கூரைகளைப் பற்றி, புனைபெயரில் தொடங்கிய இணையக் கணக்கில், வீட்டிலிருந்து தன் போனில்தான் எழுதினான். இன்று தோட்ட ஆபீஸ் வேலை போய்விட்டது.

"ஒனக்கு மட்டுந்தான் தெரியும். யார்கிட்ட ஒளறுன?" என்று அவளிடம் பாய்ந்தான் கபிரியேல்.

"மாதா சத்தியமா நான் வாயே தொறக்கல!"

கம்ப்யூட்டர் டீச்சரான மேபல் ஆத்திரத்தோடு போனைப் பிடுங்கினாள். "இந்தக் கணக்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தொறந்தீங்களா?"

"சும்மா... மெசேஜ் பார்க்க."

'மலைக்குயில்' என்ற ரசிகை தினமும் அவனுக்கு மட்டும் ஒரு ரோசாப்பூப் படம் அனுப்பியிருந்தாள். மேபல் அந்தப் படத்தின் இணைய முகவரியைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"இந்தப் பூ மெசேஜுக்குள்ள இல்ல. வேற ஒரு மெஷின்ல இருக்கு. நீங்க தொறந்ததும் ஒங்க கம்ப்யூட்டர் அங்க போய் எடுத்துட்டு வரும். எந்தக் கம்ப்யூட்டர் வந்துச்சுன்னு அந்த மெஷின் குறிச்சு வச்சுக்கும். பூ இருக்குற அந்த மெஷினே ஒங்க தோட்ட ஆபீஸோடதுதான்! தெனமும் வந்தது ஒங்க மேசைக் கம்ப்யூட்டர்னு அதுல பதிஞ்சிருக்கு!"

"அப்ப அந்தப் பொண்ணு?"

"அந்தப் பொண்ணே தொரைதான்!"

கபிரியேல் தலை குனிந்தான். "இனி எழுதவே மாட்டேன்."

"கூரை இன்னும் ஒழுகுதே! எழுதுறத நிறுத்தாதீங்க. செட்டிங்ஸ்ல போய், வெளி மெஷின்லேருந்து வர்ற படங்கள் தானாத் தொறக்குறத நிறுத்துங்க."