ஞாயிறு ஆறு மணிப் பூட்டு

"ஆறு மணின்னா ஆறு மணிதான். ஒருத்தருக்குத் திறந்து வச்சா அப்புறம் எல்லாருக்கும் திறந்து வைக்கணும்."

ஆன்லைன் வகுப்பில், இருபத்து மூன்று பேர் கேட்க, மேடம் இப்படி முகத்தில் அடித்தாற்போல் சொன்னதும் லாண்டரி அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி அடித்தளத்தில் ஒன்பது வருடமாகத் துணி வெளுத்து மடிப்பவள் அவள். அந்த ஆவியிலும் சோடா நெடியிலும் மூச்சிரைப்பு வந்துவிட்டது. இனி அங்கே நிற்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்தப் பன்னிரண்டு வாரப் படிப்பில் தேறினால் மேலே ஆபரேஷன் தியேட்டரில் உதவியாளர் வேலை. தேறாவிட்டால் அதே அடித்தளம்தான்.

பாடம் புதன் காலை திறக்கும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பரீட்சையோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும். இரண்டு பாடம் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். அவளுக்கோ ஞாயிறு உட்பட தினமும் டியூட்டி இரவு எட்டு மணி வரை. லீவு திங்கட்கிழமை. ஒரே ஒரு நாள் தள்ளிக் கொடுங்கள் என்று கேட்டதற்குத்தான் இந்த மரியாதை.

"கறார் மேடம்" என்று எல்லோரும் பெயர் வைத்திருந்ததில் தப்பே இல்லை என்று தோன்றியது.

அந்த ஞாயிறு வேலை முடிந்து வந்தவள், போன பாடம் போனதுதான் என்று போனைத் திறந்தாள். பாடம் பூட்டவில்லை. திங்கள் முழுக்கத் திறந்தே இருந்தது. செவ்வாய் காலைதான் பூட்டியது.

"கம்ப்யூட்டர் மறந்துடுச்சு போல" என்றாள் கணவனிடம்.

"வெளிய மூச்சு விடாத. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா சரி பண்ணிடுவாங்க."

கம்ப்யூட்டர் அடுத்த வாரமும் மறந்தது. அதற்கடுத்த வாரமும் மறந்தது. அவள் சுவாமி படத்துக்கு முன்னால் நின்று, அந்த இயந்திரத்துக்கு நல்ல புத்தி வராமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம், கூடப் படிக்கும் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் வேலை செய்யும் இடத்துக்கும் வந்தார். நிர்வாகத்துக்குப் புகார் மனு. ஈவு இரக்கமில்லாமல் பாடத்தைப் பூட்டும் மேடத்தை மாற்றவேண்டும் என்று எழுதியிருந்தது. அவளுக்குக் கை கூசியது. ஆனால் கையெழுத்துப் போடாவிட்டால் உனக்கு மட்டும் என்ன என்று கேட்பார்களே. போட்டுவிட்டாள். இருபத்து மூன்று பேரும் போட்டார்கள்.

மனு போனது. மேடம் மாறவில்லை, பூட்டும் மாறவில்லை.

எட்டாவது வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். மடியில் போட்டுக்கொண்டு வகுப்பைக் கேட்டவளை, அழுகைச் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது, மைக்கை அணையுங்கள் என்று மேடம் கடிந்துகொண்டார். லாண்டரி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரம் என்ன பழுதோ, பாடம் வியாழன் வரை திறந்திருந்தது.

தேறிவிட்டாள். சான்றிதழ் வாங்க எல்லோரும் முதல் தடவையாக நேரில் வந்தார்கள். மேடத்தின் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது அவளுக்கு மனசு உறுத்தியது. பக்கத்தில் இருந்த ஆம்புலன்ஸ் டிரைவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. எனக்குப் பாடம் ஞாயித்துக்கிழமை பூட்டவே இல்ல. செவ்வாய் வரைக்கும் படிச்சேன்."

டிரைவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குப் புதன் ராத்திரி வரைக்கும் இருந்துச்சும்மா. எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்."

எதிரே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த, கூடப் படித்த ரிசப்ஷன் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பிரசவத்துக்கு முன்னால் அவளுக்கு நான்கு பாடங்கள் முன்கூட்டியே திறந்துவிட்டனவாம். கேட்டால் பிடுங்கிக்கொள்வார்களோ என்று ராவும் பகலுமாகப் படித்து முடித்தாளாம்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மனுவை நினைக்க நினைக்க லாண்டரி அக்காவுக்கு உடம்பு கூசியது. பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனவள் சான்றிதழுக்குக் கை நீட்டவில்லை.

"மேடம், நீங்க எங்களுக்காகப் பண்ணினது தெரியாம உங்க மேலயே..."

"உக்காருங்க. மூச்சிரைப்பு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல மேடம். திறந்துதான் வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா முடிச்சிருப்பீங்களா? நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளியிருப்பீங்க."

மேடம் மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். கசங்கி, டீக்கறை படிந்து, ஓரத்தில் கிழிந்து ஒட்டப்பட்டிருந்தது. நிர்வாகம் அவரிடமே அனுப்பிவிட்ட அதே புகார் மனு. இருபத்து மூன்று கையெழுத்துக்கும் நேரே பென்சிலால் குறித்திருந்தது. அவள் பெயருக்கு நேரே, "திங்கள் லீவு, செவ்வாய் காலை வரை." அதற்குக் கீழே பொடி எழுத்தில், "எட்டாவது பாடம், குழந்தைக்குக் காய்ச்சல், வியாழன் வரை."

அவளுக்கு அழுகை பொங்கியது. நன்றி சொல்ல வாயெடுத்தவளை மேடம் கையமர்த்தினார்.

"நான்தான் உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லணும். அதுவரைக்கும் யாருக்கு எந்த நாள் சௌகரியம்னு நீங்க சேரும்போது எழுதிக் குடுத்த இருபத்து மூணு ஃபாரத்தையும் தினமும் புரட்டிக்கிட்டிருந்தேன். எல்லார் பேரையும் ஒரே தாள்ல வரிசையா எழுதிக் குடுத்தது நீங்கதான்."