வீட்டுக்காரரின் தேர்தல்

“நம்ம வாக்குச்சாவடி எதுன்னாவது தெரியுமா?” என்று கணவர் மனைவியை அதட்டினார்.

“நூலகத்துக்குப் பின்னாடி இருக்கிற பள்ளிக்கூடங்க.”

“பரவாயில்லையே! அடையாள அட்டையை எடுத்துக்க. நம்ம சின்னம் சீப்பு. கண்டதை அழுத்தித் தொலைக்காதே.”

“சரிங்க.”

“நான் கவுன்சிலரானதும் அலுவலகப் பக்கம் வந்து நிக்காதே. வீட்டோட இரு.”

“சரிங்க” என்றவள், அடக்கமாக வரிசையில் நின்று வாக்களித்துத் திரும்பினாள்.

சீப்பு ஒரே ஒரு வாக்கில் தோற்றது.

“எந்தப் படுபாவி காலை வாரினான்?” என்று கணவர் குதித்தார். நிருபர் அவரை விலக்கிவிட்டு, பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட அந்த வார்டின் வேட்பாளரிடம், அதாவது அவருடைய மனைவியிடம், ஒலிவாங்கியை நீட்டினார்.

“தோத்ததுல வருத்தமாம்மா?”

“எதுக்குங்க வருத்தம்? என் ஓட்டு வீணாப் போகலையே!”