பதினொரு எலிகள்

டாக்டரம்மா உறையைக் கிழித்தபோது எலிக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கும் வேறு பெயர் உண்டுதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் இருபத்துநான்கு நோயாளி எலிகளுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவி, "என்னடி கண்ணு, மூஞ்சி வாடியிருக்கு?" என்று குசலம் விசாரிக்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

உறைக்குள் ஒரே ஒரு தாள். எந்த எலிக்கு மருந்து போனது, எந்த எலிக்கு வெறும் உப்புத்தண்ணீர் போனது என்ற பட்டியல். பத்து வாரமாக அது இங்கே யாருக்கும் தெரியாது. தினமும் ஊசி போட்ட எலிக்காரிக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா, அதனால்தான் அப்படி ஒரு ஏற்பாடு.

மருந்து என்றால் சாதாரண மருந்தில்லை. கண்ணுக்கே தெரியாத நானோ துகள்கள். தசை கரையும் நோயில் தசைக்குள் ஓயாமல் அழற்சி கனன்றுகொண்டே இருக்குமாம். இந்தத் துகள்கள் மருந்தைச் சுமந்துகொண்டு நேராக அங்கே போய் இறக்கிவைக்குமாம். அழற்சி அடங்கினால் தசை பிழைக்கும். தசை பிழைத்தால், என்றைக்காவது ஒருநாள், வீட்டில் இருக்கும் அக்காவும்...

அதற்கு மேல் அவள் நினைக்கமாட்டாள். தன் கண்ணே பட்டுவிடும் என்று பயம்.

அக்காவுக்கும் அந்த நோய்தான். போன வருஷம் மாடிப்படி ஏறுவது நின்றது. இந்த வருஷம் தலைவாருவதும் நின்றது. கை தோளுக்கு மேல் வரமாட்டேன் என்கிறது.

கணக்குப் பார்ப்பவர் எண்களைக் கணினியில் தட்டினார். ஒவ்வொரு எலியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனை வினாடி தொங்கியது என்ற எண்கள். தெம்புள்ள எலி குறித்த நேரம் முழுக்கத் தொங்கும். தெம்பில்லாதது கீழே விரித்த பஞ்சில் பொத்தென்று விழும். அவ்வளவுதான் சோதனை.

"வித்தியாசமே இல்ல," என்றார் அவர். "மருந்து போட்டதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஆறு வருஷ உழைப்பு. அவர் முகத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை.

"சரி, விடுங்க. மூட்டை கட்டிடலாம்."

எலிக்காரி கூண்டுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

வாயைத் திறக்காவிட்டால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் நாளை இந்தக் கட்டடத்தின் வாசலில்கூட நிற்கவிடமாட்டார்கள். ஆனால் மருந்தை மூட்டை கட்டிவிடுவார்களாமே! பாவி, உன்னாலேயா?

"டாக்டரம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நிறுத்தவும் முடியவில்லை.

கம்பியில் தொங்கும் எலிக்குப் பின்கால் நழுவும் ஒரு நொடி இருக்கிறது. கால் காற்றில் துழாவும். அந்தத் துழாவலை அவள் தினமும் வீட்டில் பார்க்கிறவள். அக்கா நாற்காலியைவிட்டு எழுந்தால் முழங்கைக்கு அடியில் கை கொடுக்க அவளை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. கை தானே போய்விடும்.

இங்கேயும் போனது. சுண்டுவிரல் நுனிதான், ஒரு மூச்சு நேரம்தான். எலி சுதாரித்து மறுபடி கம்பியைப் பற்றிக்கொள்ளும். விரலை எடுத்துவிடுவாள். கையிலிருந்த ஸ்டாப்வாட்ச் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் தடவை தன்னையறியாமல் நடந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் தெரிந்தேதான்.

கணக்குப் பார்ப்பவர் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டரம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எலிக்காரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. பத்து வார எண்களும் இனி செல்லாது, எல்லாவற்றையும் குப்பையில் போட வேண்டியதுதான் என்று மட்டும் சொன்னார். பிறகு என்ன தோன்றியதோ, சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"எந்தெந்த எலிக்கு விரல் கொடுத்தே? ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறதாவது! எட்டாம் எண் பயந்தாங்கொள்ளி. பதினாலுக்கு எப்போதும் இடது கால்தான் முதலில் நழுவும். ஏழு இருக்கிறதே, அது விரலிலேயே சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளப் பார்க்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். டாக்டரம்மா பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வந்தார்.

ஐந்தாவது டிக்கில் பேனா தயங்கியது. ஏழாவதில் கணக்குப் பார்ப்பவர் எழுந்து வந்து டாக்டரம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். மொத்தம் பதினொன்று.

டாக்டரம்மா தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

உப்புத்தண்ணீர் என்று போட்டு, கீழே பன்னிரண்டு எண்கள். பதினொன்றுக்கு டிக். விட்டுப்போன ஒன்று இரண்டாம் வாரமே அவள் விரலைக் கடித்துவைத்த முரட்டு எலி. அது விழுந்தால் விழட்டும் என்று அவள் ரோஷத்தோடு விட்டிருந்தாள்.

பக்கத்தில் மருந்து என்று போட்டு இன்னும் பன்னிரண்டு எண்கள். அவள் மேலிருந்து கீழே பார்த்தாள். நம்பாமல் கீழிருந்து மேலேயும் பார்த்தாள்.

ஒரு டிக் கூட இல்லை. பத்து வாரத்தில் அவற்றில் ஒன்றுக்கும் அவள் விரல் தேவைப்பட்டிருக்கவில்லை.