தூங்குகிற புல்

"ணங்" என்றது கடப்பாரை.

கொத்தனார் இடம் மாற்றிக் குத்தினார். மறுபடியும் "ணங்". புல்தரை அப்படி இறுகிக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் ஓங்கிக் குத்தியிருந்தால், பூமிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் கதவைத் திறந்து யாரென்று கேட்டிருப்பார்கள்.

ஒவ்வொரு குத்தும் வாசற்படியில் நின்ற ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டரின் நெஞ்சில்தான் விழுந்தது.

சாயங்காலத்துக்குள் அவருடைய புல்தரை சிமென்ட் தரையாகிவிடும்.

வேலைக் காலம் முழுக்கத் தண்டவாளத்தையும் ஜல்லியையும் பார்த்த கண் அவருடையது. கனவில்கூட ஜல்லிதான் வரும். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டு முன்னால் புல் பதித்துவிட்டார். நாலு பாய் விரிக்கிற இடம்தான். அவர் வாயால் கேட்டால் நாலு ஏக்கர்.

அப்புறம் வந்தது இந்தக் கோடை.

மேகங்கள் இந்த ஊரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. குழாயைத் திறந்தால் காற்று வந்தது, அதுவும் கொதிக்கக் கொதிக்க. தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடக் கூடாதென்று ஊருக்கே தடை.

வீட்டில் தண்ணீர் மந்திரி அவர் மனைவி. காய் கழுவிய தண்ணீர் பாத்திரம் கழுவும். பாத்திரம் கழுவியது தரை துடைக்கும். தரை துடைத்தது கக்கூசுக்குப் போகும். வாசலைத் தாண்ட ஒரு சொட்டுக்கும் விசா கிடையாது. புல்லுக்கு ஒரு சொம்பு கேட்டுப் போனால், பக்கத்து நாட்டில் போய் ஆற்றைக் கேட்டதுபோல் பார்ப்பார்.

ஸ்டேஷன் மாஸ்டரும் தெரிந்ததையெல்லாம் செய்தார். வேருக்கு நிழல் கிடைக்கட்டுமென்று புல்லை வெட்டாமல் உயர விட்டார். உரத்தை நிறுத்தினார். ஒருவரையும் மிதிக்க விடவில்லை. தபால்காரர்கூட முயல் மாதிரி எம்பிக் குதித்துத்தான் வாசலுக்கு வந்தார். ஆனாலும் தரை முழுக்க வைக்கோல் நிறமாகிவிட்டது.

"சாகலை, தூங்குது," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

"தூங்குறதுல உங்களையே மிஞ்சிடும் போல," என்றார் மனைவி.

வீட்டுக்குள் ஒரே தூசி என்று கேள்விப்பட்டு, வெளியூரிலிருக்கும் மகன் போனிலேயே தீர்ப்புச் சொல்லி, கொத்தனாரையும் அனுப்பிவிட்டான். அம்மாவும் தலையாட்டிவிட்டார். புருஷன் முகம் போன போக்கைப் பார்த்து ஒரே ஒரு சலுகை கொடுத்தார்.

"ஒரு பச்சை இலை காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. கொத்தனாரை நானே திருப்பி அனுப்புறேன்."

காலையிலிருந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடியாயிற்று. கிடைத்தது ஒரு பச்சை பட்டன்.

மூன்றாவது இடத்திலும் "ணங்".

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"நடுவுல ஏன்ப்பா இடிச்சிட்டு நிக்கிற? கொடிக்கயித்துக்குக் கீழ குத்திப் பாரு."

அது சுவரோரம். வெயில் நேராக அறைகிற இடம். முதலில் கருகியதும் அதுதான் என்பதால் ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் கைகழுவிவிட்டிருந்தார். தவிர, துணி காயப்போடுகிற பக்கம் அவர் ஆயுசில் எட்டிப் பார்த்ததில்லை.

கொத்தனார் தொங்கிய போர்வையை ஒதுக்கிவிட்டுக் குத்தினார்.

"சதக்."

கடப்பாரை நுனியில் ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தது. கொத்தனார் அதைத் தொட்டுப் பார்த்தார். "சார், இங்க பைப் எதாவது ஒழுகுதா?"

அந்தப் பக்கம் பைப்பே கிடையாது.

ஸ்டேஷன் மாஸ்டரின் முட்டிகள் அவருக்கு முன்பே ரிடையர் ஆனவை. இருந்தும் எக்ஸ்பிரஸ் மாதிரி பாய்ந்து வந்து மண்டியிட்டார். சாய்ந்து கிடந்த வைக்கோலை விரலால் விலக்கினார்.

அடியில் பச்சை.

ஒரே ஓர் இலை அல்ல. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல், இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை, ஒரு கை அகலத்துக்குப் பச்சை. பக்கத்தில் காய்ந்து கிடந்த ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. வேர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

தூங்கத்தான் செய்கிறது. இந்த ஒரு கோடு போதும். நல்ல மழை ஒன்று விழுந்தால் நாலு ஏக்கரையும் எழுப்பிவிடும்.

அவருடைய வழுக்கைத் தலையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

மழையேதான் என்று அண்ணாந்தார். வானம் தேய்த்துக் கவிழ்த்த பித்தளைத் தாம்பாளம்போல் மின்னியது. துளி விழுந்தது போர்வையிலிருந்து. அடுத்தது அவருடைய சட்டையிலிருந்து. கயிறு நெடுக, ஒன்றுகூடப் பிழியப்படாத துணிகள், மூக்கொழுகும் பிள்ளைகளைப்போல வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

மனைவி டீ பிளாஸ்க்கோடு வந்து நின்றார்.

"மணிக்கட்டு வலி," என்றார், யாரும் கேட்காமலே. "இந்த வெயில் காலம் முழுக்கத் துணி பிழிய முடியலை. அப்படியே போட்டுட்டேன்." பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார். "நீ டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புப்பா. பையன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

கொத்தனார் பிளாஸ்க்கை வாங்கி மூடியைத் திருகினார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். தோள்துண்டைச் சுற்றித் திருகினார். முகம் செங்கல் நிறமானதுதான் மிச்சம்.

"இங்க கொடு."

ஒரே திருகு. மூடி கையோடு வந்துவிட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் மண்டியிட்டபடியே அந்தக் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றார் கடைசியில், மிகவும் பணிவாக.

"எதுக்கு?" மனைவி டீயை ஊற்றினார். "ஒரு மழை வந்தா தானா சரியாயிடும்."