ஆயில் மாற்றாத வண்டி

"போனைக் கையிலயே வச்சுக்குங்க. உங்க அண்ணன் சர்ச்சை விட்டுக் கிளம்பினா உடனே கூப்பிடறேன்" என்றாள் லவோன், காரை ஓரமாக நிறுத்தி.

"பன்னிரண்டு வருஷத்துல ஒரு தடவையாவது மாட்டியிருக்கேனா? நீ போய்ச் சர்ச் பாட்டுக்குழுவுல நிம்மதியாப் பாடு" என்று சொல்லிவிட்டு, கருவிப் பையும் ஆயில் டின்னுமாக இறங்கினான் அவள் கணவன் ஆர்லன்.

அண்ணன் செல்மரின் ஷெட்டுக் கதவு பூட்டியிருக்காது. அந்த ஏரிக்கரையில் யாரும் ஷெட்டைப் பூட்டுவதில்லை. உள்ளே நுழைந்ததும் கதவைப் பாதி உயர்த்திப் புகை போக வழி செய்துவிட்டு, உறைந்த ஏரிமேல் அண்ணன் ஓட்டுகிற பனிவண்டியைக் கிளப்பினான். இரண்டு மூன்று நிமிடம் ஓடிச் சூடானால்தான் பழைய ஆயில் இளகி முழுதாக இறங்கும்.

இப்படித் திருட்டுத்தனமாக வந்து அண்ணன் வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டிய நிலை, அப்பாவின் காரியம் நடந்த நாளில் வந்தது. அதற்கு முந்தைய கோடையில் செல்மர் ஆயிலே பார்க்காமல் அப்பாவின் படகு மோட்டாரை ஓட்டி, அதை இரும்புக்கட்டியாக ஆக்கியிருந்தார். ஆர்லன் அந்த ஆத்திரத்தை மனதிலேயே வைத்திருந்து, சாப்பாட்டுப் பந்தியில் ஊரார் முன்னால் கொட்டிவிட்டான். ஆயில் பார்க்கத் தெரியாத ஆளுக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்டான். செல்மர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

"இனிமே என் வண்டி எதுலயும் உன் கை படக்கூடாது" என்றார்.

அன்றோடு பேச்சு நின்றது. லவோனிடமும் அவர் பேசுவதில்லை. ஒரே சாலையில் நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தும், எதிரே வந்தால் இருவரும் வானிலையை ஆராய்வது போல மேலே பார்த்துக்கொண்டு போவார்கள்.

ஆனால் செல்மர் குளிர்காலம் முழுக்கத் தனியாளாக அந்த வண்டியில் ஏரிப் பனியின்மேல் இருபது மைல் போய் மீன் பிடிக்கிறவர். அவ்வளவு தூரத்தில் எஞ்சின் இறுகி நின்றால், பொழுது சாய்வதற்குள் ஆளும் விறைத்துவிடும். அதை நினைத்து அந்த முதல் நவம்பரில் ஆர்லனுக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை நேரத்தில் வந்து மாற்றிவிட்டுப் போனான். அப்புறம் வருடா வருடம் இதே வேலை. அவன் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். சர்ச்சில் காணோமே என்று யாராவது கேட்டால் டியூட்டி என்று சொல்லிவிடுவாள் லவோன்.

செல்மரோ, காபிக் கடையில் உட்கார்ந்து, தான் ஆயிலே மாற்றுவதில்லை என்று மார்தட்டுவார். பன்னிரண்டு வருடமாக வண்டி குதிரை மாதிரி ஓடுகிறதாம், ஆயில் மாற்றச் சொல்வதெல்லாம் கடைக்காரன் பிழைப்புக்காகவாம். கேட்கிறவர்கள் ஆர்லனிடம் வந்து சொல்வார்கள். அவன் காபிக் கோப்பையால் முகத்தை மறைத்துச் சிரித்துக்கொள்வான்.

எஞ்சினை நிறுத்தி, ஆயில் பிடிக்கும் தட்டை அடியில் தள்ளி, போல்ட்டைக் கழற்றினான். கறுத்த ஆயில் கயிறு போல இறங்கியது. புது வாஷர் போட்டுப் போல்ட்டை முடுக்கினான். இதுவரை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

ஃபில்டர்தான் இந்த வருடம் மக்கர் செய்தது. கை வழுக்கியது. துணி சுற்றித் திருகினான், அசையவில்லை. கடைசியில் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அதன்மேல் சுற்றி, வண்டியில் காலை ஊன்றி இழுத்தான். பெல்ட் அறுந்து, அவன் மல்லாக்க விழுந்தான். எழுந்து, அறுந்த பாதியையே சுற்றி மறுபடி இழுத்தான். மூன்றாம் இழுப்பில் ஃபில்டர் விட்டுக்கொடுத்தது. ஆர்லனிடம் எந்த எஞ்சினும் கடைசிவரை முரண்டு பிடித்ததில்லை.

மணி பத்தே முக்கால். ஆராதனை முடிந்து, சர்ச் கீழ்த்தளத்தில் எல்லாரும் காபி குடித்து முடிக்கிற நேரம். போன் அடிக்கவில்லை.

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் துளி ஆயில் தடவிக் கையாலேயே முடுக்கினான். ஆயிலை ஊற்றினான், ஓட்டினான், நிறுத்தினான், அளவுக் கம்பியை உருவிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஊற்றினான். சரியாகக் கோட்டில் நின்றது.

மணி பதினொன்று இருபது. இன்னும் போன் அடிக்கவில்லை. ஒருவேளை சிக்னல் இல்லையோ என்று எடுத்துப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அவசரப்படாமல் தரையைத் துடைத்தான். அண்ணன் எஞ்சின் மூடியில் விட்டுவைத்திருந்த தூசியைக்கூட, கலைந்த இடத்தில் தன் கையுறையால் தட்டிச் சமன் செய்தான். கதவை இறக்கிவிட்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு சாலைக்கு வந்தபோது போன் அடித்தது.

"முடிஞ்சுதாங்க?" லவோனின் குரல் என்னவோ போல் இருந்தது.

"அட்டகாசமா முடிஞ்சுது. என்ன, அண்ணன் கிளம்பிட்டாரா?"

"இல்ல. எல்லாரும் எப்பவோ போயாச்சு. நாற்காலி எல்லாம் மடக்கி அடுக்கியாச்சு. அவர் மட்டும் நகராம உட்கார்ந்து அஞ்சு காபி குடிச்சார்."

"நல்லதாப் போச்சு. இவ்வளவு நேரம் அங்க என்ன பண்றாராம்?"

லவோன் குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க, என் பக்கத்துலதான் நிக்கிறார். இந்த வருஷம் ஏன் இவ்வளவு நேரமாகுதுன்னு கேக்கறார்... நீங்க முடிச்சாச்சுன்னா அவர் தன் வீட்டுக்குக் கிளம்பலாமான்னும் கேக்கறார்."