பன்னிரண்டாம் நம்பர் ஃபேன்

மதிவதனி உயில் எழுதப் போகிறாள் என்ற சேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டு இட்லி வேகும் முன்பே வடக்குப்பட்டில் பாதித் தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

சாட்சிக் கையெழுத்துப் போட வந்த பக்கத்து வீட்டு மெர்சி, அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருபத்தெட்டு வயசுல இன்னாத்துக்குடி உயிலு? நல்லாத்தானே கீற?"

"நானும் இவரும் ஒரே பைக்ல ஒரே ஷிஃப்டுக்குப் போறோம். முன்னால ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால ஒண்ணு. எது எப்ப எங்கள நடுவுல வெச்சு சப்பாத்தி போடுமோ, யாருக்குத் தெரியும்? கம்பெனி கேன்டீன்ல ஒரு வக்கீல் மேடம் வந்து சொன்னாங்க. உயிலுக்கு வயசே இல்லியாம். ரெண்டு ஜட்டி வெச்சிருந்தாலும் எழுதி வெச்சிடணுமாம்."

"அந்த ரெண்டையும் யாருக்கு எழுதப் போற?" என்றான் அவள் புருஷன் மோகன், இட்லித் தட்டும் கையுமாக.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மதிவதனிக்கு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை. மாசக் கடைசியில் ஸ்டாக் எடுப்பதில் அவள் புலி. ஒரு போல்ட் குறைந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. வீட்டுக்கும் அதே முறைதான். பீரோ நம்பர் ஒன்று, கிரைண்டர் நம்பர் இரண்டு என்று சாமான் சாமானாக ஸ்டிக்கர் ஒட்டி, எது யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். குக்கருக்கு ஒரு நம்பர். அதன் விசில் தனியாகக் கழன்று வருவதால் அதற்குத் தனி நம்பர்.

அவள் ஒட்ட ஒட்ட, மூன்று வயசு மகள் தென்றல் பின்னாலேயே வந்து, கைக்கு எட்டியதையெல்லாம் உரித்துத் தன் தொப்பையில் ஒட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மோகனின் அக்கா ரத்னா உள்ளே வந்தாள். அடுத்த தெரு. இவர்கள் ஷிஃப்டுக்குக் கிளம்பினால் இங்கே வந்து தென்றலோடு இருப்பவள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"மதி, அந்த டேபிள் ஃபேன எனக்கு எழுதிடு."

மதிவதனிக்குச் சுருக்கென்றது. அண்ணிக்குக் கிரைண்டரை எழுதலாம் என்று அவளே நினைத்திருந்தாள். கேட்கும் முன் கொடுத்தால் அது பாசம். கேட்டுவிட்டால்?

"பன்னெண்டாம் நம்பரா? அது ஃபேனே இல்லக்கா, ஷேர் ஆட்டோ" என்றான் மோகன். "கடகடன்னு தெருமுனை வரைக்கும் சவுண்டு வரும். மண்டையில ரெண்டு தட்டினாதான் சுத்தும்."

"சுத்தற வரைக்கும் சுத்தட்டும். அப்புறம் அந்த விளிம்பு நசுங்கின, யானைப் படம் போட்ட தட்டு. பாத்ரூம்ல கீற நீல வாளி. உன் பழைய பச்சைப் புடவை."

மதிவதனி மெர்சியின் காதைக் கடித்தாள். "பாத்தியா? நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். அதுக்குள்ள வாளி வரைக்கும் வந்துட்டாங்க."

"பீரோவ விட்டுட்டு வாளியக் கேக்குறாங்களே, அதாண்டி எனக்குப் புரியல" என்றாள் மெர்சி.

மதிவதனி பேனாவைக் கீழே வைத்தாள். "ஏன் அண்ணி, கிரைண்டர் வேணாமா?"

"எங்க வூட்ல ஒண்ணு கீது. உன்னுத வெச்சு இன்னா பண்றது?"

"ஃபேன் கூடத்தான் உங்க வூட்ல ரெண்டு கீது."

"எனக்கு இந்த ஃபேன்தான் வேணும்."

"அது இவரோட தம்பிக்கு. எழுதிட்டேன்" என்றாள் மதிவதனி. எழுதவில்லை. இப்போதுதான் அவசரமாக எழுதினாள். நீல வாளியையும் அவன் பேருக்கே தள்ளினாள்.

ரத்னாவின் முகம் சுருங்கிப்போனது. தரையில் உட்கார்ந்து தென்றலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மதிவதனி ஜெயித்த தெம்போடு நோட்டை முழுசாக வாசித்து முடித்தாள். "மொத்தம் அறுபத்து மூணு அயிட்டம். ஒண்ணு விடல. மெர்சி, கையெழுத்துப் போடு."

மெர்சி பேனாவைத் திறந்தாள். ஆனால் போடவில்லை. பக்கங்களைப் பின்னால் இருந்து முன்னாலும், முன்னால் இருந்து பின்னாலும் புரட்டினாள்.

"இவ எங்கடி?"

"எவ?"

மெர்சி பேனாவால் ரத்னாவின் மடியைக் காட்டினாள். தொப்பையில் எட்டு ஸ்டிக்கரோடு தென்றல் சிரித்தாள்.

"குக்கரு விசில் யாருக்குப் போவுதுன்னு எழுதி வெச்சிருக்க. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஆச்சுன்னா, புள்ள யாருகிட்ட போவும்னு எழுதலியே?"

மோகன் இட்லித் தட்டைக் கீழே வைத்தான். மதிவதனி நோட்டை வாங்கி ஒன்றிலிருந்து அறுபத்து மூன்று வரை விரல் வைத்துப் பார்த்தாள். விசில் இருந்தது. பிள்ளை இல்லை. பதினோரு மாசமாக ஸ்டாக்கில் ஒரு பிழை விடாதவள், மறுபடியும் ஒன்றிலிருந்து விரல் வைத்தாள்.

ரத்னா தலை நிமிர்ந்தாள்.

"அய்ய, எழுதவேயில்லியா? நீ மொதல் பக்கத்துலயே புள்ளைய என் பேருக்கு எழுதியிருப்பன்னு நெனச்சுதானே மத்ததக் கேட்டேன். யானைத் தட்டுலதான் துன்னுது, நீல வாளியிலதான் குளிக்குது, உன் பச்சைப் புடவையப் போத்தினாதான் உன்னத் தேடாம கீது. அந்த ஷேர் ஆட்டோ ஓடலன்னா உன் பொண்ணு தூங்காது மதி, அப்புறம் நான் எப்படித் தூங்கறது?"